கை ஊன்றாமல் எழுந்திரு

ஸ்ரீவைகுண்டம்,
மார்கழி

அன்புள்ள கோமதிக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதினால் பொய்யாகிவிடும். உன் நலம் எனக்குத் தெரிந்துவிட்டது. உன் மகள் நேற்று போன் செய்தாள். "அப்பா போனதிலிருந்து அம்மா நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே இல்லை, பெரியம்மா. ஒரு வேளை பிரெட், ஒரு வேளை பிஸ்கட். கேட்டால், இனி யாருக்காகச் சமைக்க என்கிறாள்" என்றாள். உன் கடிதங்களுக்கு நான் பதில் போடாத வழக்கைப் பொங்கலுக்குப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம். இன்று நீதான் குற்றவாளி.

ஊர்ச் செய்தி வேகமாக: சின்னவனுக்கு ஓசூர் வேலை நிரந்தரமாகிவிட்டது. மேலத்தெரு ஆச்சி இன்னும் இருக்கிறாள், இன்னும் திட்டுகிறாள்; அந்த ஓட்டக்காரி எங்கே என்று உன்னைக் கேட்டாள். என் நகை வங்கியிலேயே குடியிருக்கிறது. வட்டி மட்டும் தவறாமல் போய் அதை நலம் விசாரித்துவிட்டு வருகிறது. அவருக்குச் சர்க்கரை கொஞ்சம் அடங்கியிருக்கிறது. அவ்வளவுதான்.

"நம்பிக்கையோடு இரு" என்று உனக்கு நான் எழுதப்போவதில்லை, பயப்படாதே. 2023 டிசம்பரில் அதை எங்களிடம் சொல்லாத ஆள் இல்லை. 17ஆம் தேதி காலையிலிருந்து 18ஆம் தேதி காலைக்குள், ஒரே நாளில், காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். குலை தள்ளியிருந்த ஏத்தன் வாழை மொத்தமும் சாய்ந்து மணலுக்குள் போய்விட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் "வாழையடி வாழை, மறுபடி துளிர்க்கும்" என்றார்கள். எனக்கு வந்த கோபம்! நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்த கிழங்கு அழுகும், துளிர்க்காது. மணலை வாரிக் கொட்டி, வெளியூரில் கன்று வாங்கி, கடன் மேல் கடன் வைத்துத்தான் மறுபடி நட்டோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த மணலை வாருவதற்கு முன்னால் நாங்களும் உன்னைப் போலத்தான் உட்கார்ந்திருந்தோம். அவர் திண்ணையில், நான் அடுப்படியில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அப்போது அவருடைய முழங்காலுக்காகப் போன இடத்தில் ஒரு பிசியோதெரபிப் பெண். சின்னப் பெண், நம் பிள்ளைகள் வயது. "ஐயா, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள்" என்றாள். வாழையைத் தார் தாராகத் தோளில் சுமந்த மனிதர். முடியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே என் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்கள்?" என்றாள். இரண்டு தடவை எழுந்தேன். அடுத்த தடவை தொடை நடுங்கியது. சிரிப்பு நின்றது. நாம் மனம் உடைந்து உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். அதற்குள் கால் தன் பாட்டுக்குக் கரைந்துகொண்டிருக்கிறது, கோமதி. நாளைக்கு மனம் தேறினாலும் எழுந்து போகக் கால் வேண்டாமா?

ஆகவே கவனமாகக் கேள். சக்கரம் வைத்து உருளுகிற நாற்காலி, சோபா எல்லாம் ஆகாது. சமையலறையில் இருக்கிற மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடு. நுனிக்கு நகர்ந்து உட்கார். பாதம் முழுதும் தரையில் பட வேண்டும். இரண்டு கையையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொள். உடம்பை முன்னால் சாய்த்து, மூச்சை விட்டுக்கொண்டே எழுந்திரு. உட்காரும்போது தொப்பென்று விழாதே, மெதுவாக இறங்கு. உண்மையான வேலை இறங்குவதில்தான் இருக்கிறது. முதலில் ஐந்து தடவை போதும். முழங்கால் சுருக்கென்று வலித்தால் நாற்காலியின் மேல் ஒரு மடித்த போர்வையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள். பால் பொங்கக் காத்திருக்கிற நேரத்தில் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கு. பிறகு ஒற்றைக் காலில் நில், விரல் மேடையிலேயே இருக்கட்டும். வீரம் காட்டி விழுந்துவைக்காதே.

உன் மருமகன் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் தினமும் பத்தாயிரம் அடி கேட்கிறது என்று அழுதாயாமே. கழற்றி மேசை இழுப்பறையில் போடு. அந்தப் பத்தாயிரம் எந்த டாக்டரும் விதித்ததல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடையளக்கும் கருவியோடு பிரபலமான எண் அது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது வாரத்துக்கு 150 நிமிஷம் முதல் 300 நிமிஷம் வரை மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வேலை. அதுவும் ஒரேயடியாக வேண்டாம், கொஞ்சமாவது செய்வது சும்மா இருப்பதைவிட மேல் என்றும் சொல்லியிருக்கிறது. மாடிப் படிக்கும் தெருமுனைக் காய்கறிக் கடைக்கும் போய்வா, அதில் பாதி முடியும். ஆனால் அம்மியும் கோலமும் இருந்தால் உடற்பயிற்சியே தேவையில்லை என்று பெருமை பேசுகிறவர்களை நம்பாதே. நம் அம்மாக்கள் ஆயுள் முழுக்க அரைத்தார்கள், கோலம் போட்டார்கள். கடைசிக் காலத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகியதை நாம் பார்த்தோமே.

அடுத்தது பிரெட். அது காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பது. இந்த மழையும் பனியும் கலந்த மாதத்தில் உடம்பு உளுந்தைக் கேட்கும். உளுந்தஞ்சோறு ஆக்கு. ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் தோல் நீக்காத கறுப்பு உளுந்து எடுத்து, வாசம் வரும் வரை லேசாக வறுத்துக்கொள். கால் ஸ்பூன் வெந்தயம், கொஞ்சம் சீரகம், ஒரு முழுப் பூண்டை உரித்து அப்படியே, இரண்டு கைத் தேங்காய்த் துருவல், உப்பு. தண்ணீரைத் தாராளமாக விடு, குழைந்தால் குற்றமில்லை. குக்கர் அடங்கியதும் நல்லெண்ணெய் ஊற்றிக் கிளறு. எள்ளுத் துவையல் இல்லாமல் இதைச் சாப்பிடுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. கறுப்பு எள், மிளகாய் வற்றல், புளி, பூண்டு, தேங்காய். நாலு சுற்று சுற்றினால் ஆயிற்று.

உளுந்தங்களியும் கிண்டலாம். உனக்குச் சர்க்கரை இல்லை, கொடுத்துவைத்தவள். கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது என்று எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டானோ, அவர் அதை நம்பித் தின்று ரத்தப் பரிசோதனையில் மாட்டிக்கொண்டார். கருப்பட்டிப் பாகை வடிகட்டாமல் விடாதே, மண் நெறுநெறுக்கும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதம். நீ பூப்பெய்தியபோது உன் பங்குக் களியைத் தின்று கொழுத்த அந்தப் பூனை இன்று இருந்தால் உனக்காகச் சாட்சி சொல்லும்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். யாருக்காகச் சமைக்க?

வெள்ளத்தின்போது திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் போன ரயில் எங்கள் ஸ்டேஷனில் நின்றுபோனது உனக்கு நினைவிருக்கும். உள்ளே ஏறக்குறைய 800 பேர். சுற்றிலும் தண்ணீர். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டு அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள். நீ யார், எந்த ஊர், உன்னால் எங்களுக்கு என்ன லாபம் என்று கேட்டுவிட்டா உலை வைத்தார்கள்? பசித்த ஓர் ஆள் நடுவழியில் நிற்கிறது, அவ்வளவுதான் கணக்கு. உன்னையும் அந்த ரயிலில் வந்த ஒருத்தியாக வைத்துக்கொள். உனக்கு உன்னைப் பிடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. சோறு போடு.

அண்ணாச்சி போய் வருஷம் திரும்பிவிட்டது. அழாதே என்று சொல்ல நான் யார்? உட்கார்ந்து அழுவதைக் கொஞ்சம் நின்றுகொண்டும் அழலாம் என்கிறேன். நானும் அப்படித்தான் செய்தேன். அடுப்பைப் பார்த்தபடி, குதிகாலைத் தூக்கி இறக்கிக்கொண்டே. பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் போல இருந்திருக்கும். அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார்.

இந்தப் பொங்கலுக்குத் தார் வெட்டுகிறோம். விலை எப்படி இருக்குமோ, கடன் எவ்வளவு அடையுமோ, அதெல்லாம் சந்தைக்குப் போனால்தான் தெரியும். பனங்கிழங்கும் தோண்டிவிடுவார்கள், மஞ்சள் போட்டு அவித்துவைக்கிறேன். செந்தூர் எக்ஸ்பிரஸில் லோயர் பெர்த் போடச் சொல்லி உன் மகளிடம் சொல்லிவிட்டேன். நீ மறுக்க முடியாது. பிளாட்பாரத்தில் உன்னைக் கைதூக்கி இறக்க நான் வர மாட்டேன், தள்ளி நின்று பார்ப்பேன்.

போன தடவை முறுக்கு வைத்துக் கொடுத்தேனே, அந்த நாலு அடுக்கு டிபன் கேரியர், அதைக் கொண்டு வா. மூடியையும் சேர்த்து.

உன்,
வடிவு