மனநோயோடு வாழ்வோரும் குடும்பத்தாரும் சேர்ந்த நம் வேலூர் சங்கத்தின் ஆண்டறிக்கை (2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை)

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு அறிக்கையில் "அனுபவப் பகிர்வுக் கூட்டங்கள் சிறப்பாக நடந்தன" என்று ஒரே வரியில் முடிந்திருந்தது. அதை வாசித்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்தது: "பேசினோம், அழுதோம், டீ குடிச்சோம். அப்புறம்?" கேள்வி நியாயமானது. இந்த அறிக்கை பெரும்பாலும் அந்த "அப்புறம்" பற்றியது.

முதலில் கூட்டம் நடக்கும் முறை. புதிய உறுப்பினர்களுக்காகவும், குடியாத்தம், அணைக்கட்டு பக்கம் தனியாகக் கூட்டம் தொடங்கக் கேட்டிருப்பவர்களுக்காகவும் விரிவாகவே எழுதுகிறேன். மாதத்தின் 2-ஆம் ஞாயிறு காலை 10 மணிக்கு உட்காருகிறோம். மே, ஜூன் இரண்டு மாதமும் காலை 7 மணிக்கு மாற்றினோம். காரணம் பின்னால் வருகிறது. ஒரு வட்டத்தில் 12 பேருக்கு மேல் வேண்டாம். 13-ஆவது ஆள் வந்தால் இரண்டு வட்டமாகப் பிரிப்பதே மேல். ஒரு நாளில் 4 பேர் மட்டுமே விரிவாகப் பேசுவார்கள், ஆளுக்கு 8 நிமிடம். 5-ஆவது ஆளைச் சேர்த்த நாட்களில் கடைசியில் பேசியவரை யாரும் கேட்கவில்லை, எல்லோரும் பஸ் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நோயோடு வாழ்பவர் முதலில் பேச வேண்டும். அந்த நேரம் குடும்பத்தார் பக்கத்து அறையில் இருப்பார்கள். இதற்கு இந்த ஆண்டும் முணுமுணுப்பு இருந்தது. வேலூர் பாகாயத்திலுள்ள சி.எம்.சி. மனநல மையத்தில் 1950களிலேயே நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கி மருத்துவம் பார்க்கும் முறை வந்துவிட்டது. அதனால் இந்த ஊர்க்காரர்களுக்கு டாக்டர் முன்னால் கூடவே உட்கார்ந்து பழக்கம். அது பெரிய நன்மை. அதன் மறுபக்கம், "உனக்குத் தூக்கம் வருதா?" என்று மகனைக் கேட்டால் அம்மா பதில் சொல்வது. வட்டத்தில் அந்தப் பதில் வேண்டாம். அம்மாவுக்கும் 8 நிமிடம் உண்டு, அவருடைய கதையைச் சொல்ல.

பேசப்போகிறவர் ஒரு வாரம் முன்பே அரைப் பக்கம் எழுதித் தர வேண்டும். எழுத வராதவர் சொன்னால் நாம் எழுதிக்கொள்கிறோம். கேள்விகள் மூன்றுதான். என்ன நடந்தது? எந்த இடத்தில், எந்த ஜன்னலில், யாரால் தடைபட்டது? எது மாறியிருந்தால் அந்த நாள் வேறு மாதிரி போயிருக்கும்? இரண்டாவது கேள்விக்கு "எங்கேயும் மதிக்க மாட்டாங்க" என்று பதில் வந்தால் திருப்பிக் கேட்க வேண்டும். எந்தத் தேதி, எத்தனை மணி, டோக்கன் வாங்கிய பிறகா, வாங்கும் முன்னாலா? குடைவது போலத் தெரியும். ஆனால் அதிகாரிகளுக்குக் கொடுக்கும் மனுவில் எழுத முடிவது இந்தப் பதில்களைத்தான்.

தற்கொலைக்கு முயன்றதைப் பற்றிப் பேசலாம். எப்படி முயன்றார் என்பதைச் சொல்லக் கூடாது. இது கூச்சத்துக்காக வைத்த விதி அல்ல. கேட்கிறவர்களில் அதே எண்ணத்தோடு போராடிக்கொண்டிருப்பவர் இருக்கலாம், விவரம் அவருக்கு வழிகாட்டியாகிவிடும். "எனக்கு இந்த மாத்திரை ஒத்துக்கலை, நீங்களும் நிறுத்துங்க" என்ற பேச்சுக்கும் தடை. பேசியவருக்குத் துணையாக ஒருவர் வீடு வரை போவார், மறுநாள் காலையும் 3-ஆம் நாளும் போன் செய்வார். அன்றைக்குக் கிடைத்த கைதட்டலில் நன்றாக இருப்பவர்கள் பலர் 3-ஆம் நாள்தான், "ஏன் இவ்வளவு சொன்னோம்" என்று நொந்துபோகிறார்கள். இரவில் துணைவரைப் பிடிக்க முடியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். எண்ணைச் சீட்டில் எழுதி, மாத்திரை டப்பாவின் மூடியில் உள்பக்கமாக ஒட்டித் தருகிறோம்.

இந்த ஆண்டு நாம் செய்த தவறையும் பதிவு செய்ய வேண்டும். செய்திமடலுக்காக ஓர் உறுப்பினரின் அனுபவத்தைப் பெயர் எடுத்துவிட்டுத்தான் அச்சிட்டோம். ஆனால் ஊர், காலணி கம்பெனியில் பார்க்கும் வேலை, பிள்ளைகள் எண்ணிக்கை மூன்றும் அப்படியே இருந்தன. ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் இந்த மூன்றும் போதும், பெயரே தேவையில்லை. இரண்டே நாளில் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம், மீதிப் பிரதிகளைத் திரும்பப் பெற்றோம். இப்போது பெயரை எடுப்பதோடு, ஊர், வேலை, குடும்ப அமைப்பு, சிகிச்சை எடுக்கும் இடம் ஆகியவற்றில் இரண்டையாவது நீக்கிவிட்டு, அவரிடமே வாசித்துக் காட்டிய பிறகுதான் அச்சுக்குப் போகிறது. ஒப்புதல் படிவமும் மூன்று கட்டமாகிவிட்டது: இந்த அறைக்குள் மட்டும், பெயரில்லாமல் எழுத்தில், பெயரோடு மேடையில். எந்தக் கட்டத்திலிருந்தும் எப்போது வேண்டுமானாலும் பின்வாங்கலாம், காரணம் கேட்க மாட்டோம். செல்போன்கள் வாசலில் எவர்சில்வர் தாம்பாளத்தில் தூங்கும், செயலாளருடையதும் சேர்த்து.

இனி அந்த "அப்புறம்".

பகிர்வுகளில் அதிகம் திரும்பத் திரும்ப வந்தது மருந்து. "ஸ்டாக் இல்லைன்னு அனுப்பிட்டாங்க" என்று பலர் சொன்னார்கள், எவரிடமும் தேதி இல்லை. அதனால் ஆளுக்கொரு 40 பக்க நோட்டு கொடுத்தோம். ஒவ்வொரு முறை மருந்து வாங்கும்போதும் தேதி, மருந்தின் பெயரும் மில்லிகிராமும், சீட்டில் எழுதியது எத்தனை நாளுக்கு, கையில் கிடைத்தது எத்தனை நாளுக்கு, மீதியை வெளியே வாங்கிய விலை, போக வர பஸ் செலவு. ஒரு நாள் கூலி போனதையும் எழுதச் சொன்னோம். பீடி சுற்றுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கையிலேயே இருக்கிறது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் தேர்தல் நடத்தை விதியால் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை மனு நாள் நடக்கவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று, நோட்டுகள் நிரம்பின. பிறகு நோட்டுகளின் நகலோடு மனு கொடுத்து ரசீது வாங்கினோம். ரசீது எண் இல்லாமல் வீடு திரும்பக் கூடாது, அது இல்லாத மனு வெறும் காகிதம். பதில் தாமதமானபோது 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனுப் போட்டோம். "ஏன் மருந்து தரவில்லை" என்று அதில் கேட்டால் பதில் வராது. குறிப்பிட்ட மருந்தின் பெயரைச் சொல்லி, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இருப்புப் பதிவேட்டு நகல் கேட்க வேண்டும். ஒரு மருத்துவமனையில் இப்போது 15 நாள் மருந்து 30 நாளாகியிருக்கிறது. இன்னொன்றில் எந்த மாற்றமும் இல்லை.

நோட்டுகளிலிருந்து நாம் எதிர்பார்க்காத ஒன்றும் தெரிந்தது. மருந்தை நிறுத்திய சிலர் நிறுத்திய நாள், மாத்திரையின் நிறம் மாறிய நாள். கொள்முதல் கம்பெனி மாறினால் வெள்ளை மாத்திரை மஞ்சளாகும், வட்டம் நீளமாகும். ஏற்கனவே சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறவருக்கு அது போதும். பழைய அட்டையின் கிழித்த துண்டைப் பத்திரப்படுத்தி, புதிய அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரையும் மில்லிகிராமையும் பக்கத்தில் வைத்து அவரையே ஒப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் வாசித்துக் காட்டுவதில் பயனில்லை. குளோசபின் (ரத்த வெள்ளணுக்களைக் குறைத்துவிடக்கூடிய மனநோய் மருந்து) எடுப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது. டாக்டரிடம் போய்க் குறைந்த அளவிலிருந்து ஏற வேண்டும். முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை. இடையில் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் அன்றே வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும்.

கூட்டத்தைக் காலை 7 மணிக்கு மாற்றிய காரணம் லித்தியம். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் மாத்திரை அது, ரத்தத்தில் அளவு கூடினால் ஆபத்து. வேலூர் கத்திரி வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வியர்த்து உடலில் நீரும் உப்பும் குறைந்தால் லித்தியம் ரத்தத்தில் ஏறும். வாந்தி, பேதியிலும் ஏறும். பிரஷருக்காக உப்பைத் திடீரெனக் குறைத்தாலும், நீர் பிரியும் மாத்திரை சேர்த்தாலும், மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போட்டாலும் ஏறும். டம்ளரிலுள்ள மோர் தளும்பிச் சிந்துகிற அளவு கை நடுக்கம், நாக்குக் குழறல், நடையில் தள்ளாட்டம் என்று தெரிந்தால் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் அன்றே மருத்துவமனை போக வேண்டும். அளவு பார்க்கும் ரத்தம் கடைசி மாத்திரை எடுத்து 12 மணி நேரம் கழித்து எடுப்பது. காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போய் ரத்தம் கொடுத்தால் அளவு பொய்யாக அதிகம் காட்டும். இந்தத் தவறு நம்மிடையே சாதாரணம். மார்ச்சில் ரம்ஜான் நோன்பு வந்ததால், நோன்பு இருக்க விரும்பும் உறுப்பினர்களைப் பிப்ரவரியிலேயே அவரவர் டாக்டரைப் பார்க்கச் சொன்னோம்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை விஷயத்தில் நம் ஆட்கள் தோற்பது பெரும்பாலும் நல்ல சட்டையால்தான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் உண்டு. சலுகைகளுக்கு 40 சதவீத இயலாமை வேண்டும். மனநோயால் வரும் இயலாமையை அளக்கும் ஐடியாஸ் அளவுகோலில் தன்னைக் கவனித்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை என நான்குக்கும் தலா 0 முதல் 4 வரை மதிப்பெண், அதோடு நோயின் காலமும் சேரும். முகாம் நாளன்று தலைக்கு எண்ணெய் வைத்து, சலவைச் சட்டை போட்டு அழைத்துப்போய், "இப்ப நல்லாத்தான் இருக்கான் சார்" என்று சொல்லிவிட்டு, சதவீதம் குறைந்துவிட்டது என்று வருந்துகிறோம். பொய் சொல்லச் சொல்லவில்லை. ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்: குளிக்க எத்தனை முறை சொல்ல வேண்டியிருந்தது, சாப்பாட்டை யார் போட்டது, கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறை சரியாக வந்ததா, முன்பு நாளுக்கு 800 பீடி சுற்றிய கை இப்போது எத்தனை சுற்றுகிறது. மூன்றாம் நாள் "நானே குளித்தேன்" என்றால் அதையும் எழுதுங்கள். அந்தத் தாளை மதிப்பிடும் டாக்டரிடம் கொடுங்கள். மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது உள்ள நிலை ஒரே ஒரு காலைப் பொழுதில் தெரியாது என்பது அவர்களுக்கும் தெரியும். கையில் தாள் இல்லாததால்தான் எழுத முடிவதில்லை.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்ததில், தற்கொலை முயற்சியைத் தண்டித்த பழைய 309-ஆம் பிரிவு இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ அப்படி முயல்வது மட்டும் 226-ஆம் பிரிவில் குற்றமாக நிற்கிறது. போலீஸ் கேஸுக்குப் பயந்து 108-ஐ அழைக்காமல் வீட்டிலேயே வைத்துப் பார்த்த கதைகள் வட்டத்தில் கேட்டவை, அதனால் இதை ஒவ்வொரு கூட்டத்திலும் வாசிக்கிறோம். காட்பாடி ஜங்ஷனில் இறங்கித் திசை தெரியாமல் திரிகிறவர்களைப் பற்றி: 2017 மனநலச் சட்டப்படி அவரைப் போலீஸ் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. பிரிவு எண் 100. இதைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு ஸ்டேஷன்களில் கொடுத்தோம். வாங்கிக்கொண்டவர்களில் பாதிப் பேராவது படித்திருந்தால் சரி.

ஆகஸ்ட் 6 அன்று, மனநோயாளிகளைத் தர்காவுக்கு அழைத்துப்போகும் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியை நினைத்துக் கூடினோம். 2001-இல் அதே நாள் விடியற்காலையில் அங்கே சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017 சட்டத்தின் 95-ஆம் பிரிவு சொல்கிறது. தர்காவுக்கோ கோயிலுக்கோ போவதை நாம் தடுப்பதில்லை. மாத்திரை டப்பாவும் கூடப் போகட்டும் என்கிறோம். நோய் தீவிரமாகும்போது சிகிச்சை முடிவுகளில் தங்களுக்குத் துணை நிற்கும் பிரதிநிதியை அன்றே உறுப்பினர்கள் பலர் நியமித்து எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போதும். நோய் தணிந்திருக்கும்போதே எழுத வேண்டும், தீவிரமான பிறகு அல்ல.

உருது பேசும் பெண்களுக்குத் தனி வட்டம் தொடங்கியிருக்கிறோம், வெள்ளிக்கிழமை தவிர்த்த பகல் நேரத்தில். பொது வட்டத்தில் தமிழில் "உடம்பு சரியில்லை" என்று ஒரே வரியில் முடித்தவர்கள் இங்கே 8 நிமிடம் போதவில்லை என்கிறார்கள். பள்ளிகளுக்குப் போனபோது ஆசிரியர்களிடம் வேலூரை ஒட்டிய கணியம்பாடி ஒன்றியத்து ஆய்வைக் காட்டினோம். 1994 முதல் 1999 வரை அங்கே தற்கொலை ஆண்டுக்கு லட்சம் பேருக்கு 95.2. போலீஸ் பதிவை நம்பாமல், ஒவ்வொரு இறப்புக்கும் வீட்டாரிடம் உட்கார்ந்து கேட்டதால் வெளிவந்த எண் அது. பழைய கணக்குத்தான். ஆனால் "நம்ம பக்கம் அதெல்லாம் இல்லைங்க" என்று தொடங்கிய தலைமை ஆசிரியர்கள் அதைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்லவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வரும் ஆண்டுக்கு வேண்டியவை: நோட்டுகளைப் பிரதி எடுத்துத் தொகுக்க வாரம் 3 மணி நேரம் தரக்கூடிய இருவர், உருதுவில் எழுதத் தெரிந்த ஒருவர், மே மாதத்துக்கு மண்பானை 2. குடியாத்தம் வட்டத்துக்கு இடம் தர ஒருவர் முன்வந்திருக்கிறார். படிக்கட்டு இல்லாத தரைத்தளமா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். இந்த அறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்