மஞ்சள் அறையின் ஏசியை இரவில் நிறுத்தாதீர்கள்

மதிப்பிற்குரிய தொழில்முனைவு மைய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். மின்சிக்கனம் குறித்த தங்கள் சுற்றறிக்கை கிடைத்தது. மாலை 6 மணி முதல் மறுநாள் காலை வரையும், ஞாயிறு முழுவதும், மஞ்சள் விளக்கு அறையின் ஏசியும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் ஓடாது என்கிறது அது. சென்னையில், ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில், இப்படி முடிவெடுக்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

அந்த அறையில் நடப்பது தாங்கள் அறியாததல்ல. மருந்தைச் சுமந்து செல்லும் லிப்பிட் (கொழுப்பு) நானோ துகள்களைத் தயாரிக்கும், நுண்கால்வாய்கள் கொண்ட சிப்புக்கு அங்கேதான் அச்சு வார்க்கிறோம். எத்தனாலில் கரைத்த லிப்பிடும், அமிலக் கரைசலில் இருக்கும் மருந்தான ஆர்.என்.ஏ.வும் ஒன்றுக்கு மூன்று என்ற அளவில் 200 மைக்ரான் அகலக் கால்வாயில் சந்திக்கின்றன. அத்தனை குறுகிய இடத்தில் திரவம் சுழிப்பதில்லை. இரண்டும் ஒட்டாமல் பக்கம் பக்கமாக ஓடிவிடும். அவற்றைக் கலக்க வைப்பவை கால்வாயில் மீன்முள் வடிவில் அமைந்த பள்ளங்கள். 2002இல் வெளியான அந்த வடிவமைப்பைத்தான் நாங்களும் பின்பற்றுகிறோம். பள்ளத்தின் ஆழம் சரியாக இருந்தால் 80 நானோமீட்டர் அளவில் துகள் கிடைக்கிறது. பிசகினால் பருத்துவிடுகிறது. துகள் நுழைய வேண்டிய கல்லீரல் நுண்குழாய்ச் சுவரின் துளைகளே ஏறத்தாழ 100 நானோமீட்டர்தான் என்னும்போது, பருத்த துகளை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

இந்த அச்சு ஒரே நாளில் முடிகிற வேலையன்று. முதல் நாள் சிலிக்கான் வில்லையில், புற ஊதா ஒளி பட்டால் இறுகும் எஸ்யூ-8 பிசினைப் பூசி (அறையில் மஞ்சள் விளக்கு அதனால்தான்), சூடேற்றி, கால்வாய் அடுக்கைப் புற ஊதா ஒளியில் பதிக்கிறோம். மறுநாள் அதன் மேல் பள்ளங்களுக்கான இரண்டாம் அடுக்கு. இடையில் ஓர் இரவு இருக்கிறது. அந்த இரவில்தான் தாங்கள் ஏசியை நிறுத்துகிறீர்கள். சென்ற வாரம் காலையில் கதவைத் திறந்தபோது கண்ணாடித் தடுப்பில் நீர் கோத்திருந்தது. இரண்டாம் அடுக்கு பிடிக்கவே இல்லை. கழுவும் திரவத்தில் இட்டதும் ஓரத்திலிருந்து தோலாக உரிந்து மிதந்தது. எங்களுடையது மட்டுமன்று, அடுத்த மேசையில் நுண்ணூசிப் பட்டைக்கு அச்சு செய்துகொண்டிருந்த இளைஞர்களுடையதும் அப்படியே போயிற்று.

“வில்லையை மறுபடி சூடேற்றினால் ஈரம் போய்விடுமே” என்று தங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். போகும். சூடேற்றிய வில்லை ஆறுவதும் அதே அறையில்தானே? ஆறுவதற்குள் மறுபடி ஈரம் ஏறிவிடுகிறது. அந்த அறையின் ஏசி ஆட்களுக்காக ஓடுவதன்று. ஆள் இல்லாத நேரத்தில்தான் அது கட்டாயம் ஓட வேண்டும்.

இதில் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வரவேற்புக் கூடத்தின் ஏசி இரவெல்லாம் ஓடுகிறது. அங்கே செயற்கைப் புல் ஒட்டிய சுவரும், பிரமுகர்கள் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு பலகையும் இருக்கின்றன. பிளாஸ்டிக் புல் வாடிவிடக் கூடாது என்ற தங்கள் அக்கறை புரிகிறது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்ப ஊக்குவிப்பு நிறுவனமான பைராக் (BIRAC) எங்களைப் போன்றோருக்குத் தரும் பிக் (BIG) நல்கை 50 லட்சம் ரூபாய் வரை, 18 மாதங்களுக்கு. மழைக்காலத்தைக் கழித்துவிட்டு அந்த மாதங்களை யாரும் எண்ணுவதில்லை. எங்களில் சிலர் இரவு ரயிலில் பெங்களூருக்குப் போய், அங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தின் நானோ மையத்தில் கட்டணம் செலுத்தி அச்சு வார்த்து வருகிறார்கள். இங்கே வாடகையும் கட்டுகிறார்கள். அந்த வாடகை எதற்கு என்று யாராவது கேட்டால், புல்சுவருக்கு என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

மன்னிக்கவும், கேட்க வந்தது வேறு. கட்டடம் முழுவதையும் குளிர்விக்கச் சொல்லவில்லை. மஞ்சள் அறை ஒன்றின் ஏசியும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் இரவும் பகலும், ஞாயிறு உட்பட, ஓட வேண்டும். அந்த அறைக்குத் தனி மீட்டர் பொருத்தினால், அறையைப் பயன்படுத்தும் நாங்கள் இரவு மின்கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ள ஆயத்தமாக இருக்கிறோம். இதை எழுத்திலும் தருகிறோம். ஈரப்பதம் 45 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறதா என்று பார்க்கக் கதவருகே ஓர் அளவியும் வைத்துத் தந்தால் நன்று. தனி மீட்டருக்கு ஒப்புதல் கிடைக்கத் தாமதமாகும் என்றால், அதுவரையிலாவது சுற்றறிக்கையிலிருந்து அந்த ஓர் அறைக்கு விலக்கு அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். அடுத்த வில்லையை வருகிற திங்கட்கிழமை பூச இருக்கிறோம். அதற்குள் பதில் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மஞ்சள் அறையைப் பயன்படுத்தும் குழுக்களின் சார்பில் ஒரு பொறியாளர்