திமிங்கிலத்தின் காதையும் சேர்த்துப் புதைத்துவிட்டார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரை ஒதுங்கிய திமிங்கிலம் பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். தலைப்பில் 'ராட்சத மீன்' என்று போட்டிருந்தீர்கள். அது போகட்டும், அந்தப் பிழைக்கு முப்பது வருடம் விடைத்தாள்களில் சிவப்புக் கோடு போட்டு என் கை ஓய்ந்துவிட்டது. உறுத்தியது கடைசி வரிதான். குழி தோண்டிப் புதைத்தார்கள் என்பதோடு செய்தி முடிந்துவிட்டது. எந்த இனம், ஆணா பெண்ணா, எத்தனை மீட்டர், புதைக்குமுன் யாராவது எதையாவது எடுத்து வைத்தார்களா? ஒரு வார்த்தை இல்லை.

"திமிங்கிலத்துக்குக் காது இருக்கா டீச்சர்?" என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது கேட்கும். மடல் கிடையாது, வெளியே சின்னத் துவாரம்தான். ஆனால் உள்ளே இருக்கும் செவி எலும்பு கல் மாதிரி கெட்டி. 1872-76இல் பிரிட்டனின் சேலஞ்சர் ஆய்வுக் கப்பல் ஆழ்கடல் தரையை வாரிப் பார்த்தபோது, மாங்கனீசு படிந்த திமிங்கிலச் செவி எலும்புகள் வலையில் வந்தன. மற்ற எலும்புகள் கரைந்துபோனாலும் இது மிஞ்சும்.

பாகிஸ்தானில் புதைபடிவமாகக் கிடைத்து 1981இல் பெயர் சூட்டப்பட்ட பாகிசீட்டஸ், நான்கு காலில் நடந்த பிராணி. அதைத் திமிங்கில வம்சத்தில் சேர்க்க வைத்தது அதன் காதுதான். அதைவிட எனக்குப் பிடித்தது இந்தோஹையஸ் என்ற தொல்விலங்கின் கதை. நம் நிலவியலாளர் ரங்கா ராவ் ஜம்மு-காஷ்மீரின் காலாகோட் பக்கம் சேகரித்த புதைபடிவப் பாறைகள், அவர் காலமான பின் அவர் மனைவி வழியாக ஹான்ஸ் தெவிஸன் என்ற ஆய்வாளரிடம் போய்ச் சேர்ந்தன. சுத்தம் செய்கையில் ஒரு மண்டையோட்டின் செவிப்பகுதி தவறுதலாக உடைந்தது. உடைந்த இடத்தில் பார்த்தால், திமிங்கிலக் காதுக்கே உரிய தடித்த சுவர்! பூனையளவே இருந்த ஒரு குளம்பு விலங்கு அது. 2007இல் ஆய்வு வெளிவந்தது.

இதில் என் பிழையும் ஒன்று உண்டு. ஓநாய் போன்ற ஊனுண்ணிகளிலிருந்து திமிங்கிலம் வந்தது என்றுதான் பழைய புத்தகத்தைப் பார்த்து நடத்திக்கொண்டிருந்தேன். 2001இல் தொல் திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்புகள் வெளிச்சத்துக்கு வந்தபின், மாடும் பன்றியும் நீர்யானையும் அடங்கிய இரட்டைக் குளம்பினம்தான் அதன் சொந்தம் என்று மாற்றிச் சொன்னேன். அதற்குமுன் படித்துப் போன பிள்ளைகளிடம் யார் போய்ச் சொல்வது?

காதில் இன்னொன்றும் இருக்கிறது: குறும்பி. பல் இல்லாத பெரிய திமிங்கிலங்களின் காதுத்துளை அடைபட்டிருப்பதால் குறும்பி வெளியேறாமல் ஆயுள் முழுதும் அடுக்கடுக்காகச் சேரும். மர வளையம் போல எண்ணி வயது சொல்லலாம். கப்பல் மோதி இறந்த ஒரு நீலத் திமிங்கிலத்தின் குறும்பியை அடுக்கு அடுக்காகப் பிரித்துப் பார்த்து, அது பட்ட மன அழுத்தத்தின் ஹார்மோன் முதல் உடலில் ஏறிய பூச்சிமருந்து, பாதரசம் வரை 2013இல் சொன்னார்கள். 2018இல் பல திமிங்கிலங்களின் குறும்பியை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, வேட்டை மும்முரமாக இருந்த காலங்களில் அந்த ஹார்மோன் ஏறியிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது வேட்டை குறைந்தும் ஹார்மோன் குறையவில்லை.

உங்கள் படத்தில் தாடையிலிருந்து வயிறு வரை நீளநீளமாகப் பள்ளங்கள் தெரிந்தன. அப்படியானால் அது பல் இல்லாத இனம். அந்தக் குறும்பியும் இப்போது குழிக்குள் இருக்கிறது.

நோய் பரவும், நாற்றம் தாங்காது, புதைக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அதற்குமுன் நீளத்தை அளந்து, தோலில் ஒரு துண்டும் காதுக் குறும்பியும் எடுத்து வைக்க உரிய துறையினர் இருக்க வேண்டும். பல் உள்ள இனமானால் ஒரு பல். புதைத்த இடத்துக்கு அடையாளம் வைத்தால், சில வருடம் கழித்து எலும்புக்கூட்டைத் தோண்டி எடுத்துக்கொள்ளலாம், அருங்காட்சியகங்கள் செய்வதுதான்.

அடுத்த முறை உங்கள் செய்தியாளர் போனால், காதை யார் எடுத்தார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். தலைப்பில் மீன் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருத்தி