பெயர் அழிந்த மாத்திரை அட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேரிடர் நிவாரணத்துக்குப் போன மருத்துவக் குழுக்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்து நெகிழ்ந்தேன். ஆனால் மருத்துவம் படிக்காதவர்கள் வீட்டிலிருந்தபடி பணமும் மருந்தும் அனுப்பினால் போதும் என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் மருந்தாளுநர். வெள்ளம் வடிந்த பிறகு ஒரு நிவாரண முகாமில் 16 நாள் தன்னார்வலராக வேலை பார்த்தேன். முதல் மூன்று நாள் ஒருவருக்குக்கூட நான் மருந்து எடுத்துக் கொடுக்கவில்லை. வந்து குவிந்த அட்டைப்பெட்டிகளைப் பிரிப்பதிலேயே பொழுது போனது. எல்லாமே நல்ல மனதோடு அனுப்பியவைதான். பாதி குடித்த இருமல் மருந்து, யாரோ சாப்பிட்டு மீந்த நாலு மாத்திரை. அட்டையைக் கத்தரித்த இடத்தோடு காலாவதித் தேதியும் போயிருக்கும், மருந்தின் பெயரும் பாதிதான் இருக்கும். அதை யாருக்கும் கொடுக்க முடியாது. தண்ணீர் தேங்கிக் கிடக்கிற ஊரில் சும்மா கொட்டிவிடவும் முடியாது. நனையாமல் மிஞ்சியிருந்த ஒரே அறையில் பாதியை அந்த மூட்டைகளே அடைத்துக்கொண்டன.

இது எங்கள் முகாமில் மட்டும் நடந்தது இல்லை. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்துக்குச் சுமார் 4,000 டன் மருந்து போய்ச் சேர்ந்தது. அதில் பாதிக்கு மேல் அந்த நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லாதவை. பெரும்பாலானவற்றின் மேல் இருந்த எழுத்து அங்குள்ளவர்களுக்குப் புரியாத மொழியில் இருந்தது. இத்தனைக்கும் உலக சுகாதார நிறுவனம் 1996-லேயே இதற்கு நெறிமுறை வகுத்துவிட்டது. தேவை என்று கேட்ட மருந்தை மட்டும் அனுப்ப வேண்டும், மூலப்பெயர் (கம்பெனி வைத்த பெயர் இல்லை, மருந்தின் பொதுப்பெயர்) தெளிவாக இருக்க வேண்டும், போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும்.

நாலாம் நாள் ஒரு பெரியவர் வந்து உள்ளங்கையை விரித்தார். காலியான ஒரு மாத்திரை அட்டை. தண்ணீரில் ஊறி எழுத்தெல்லாம் அழிந்து வெறும் வெள்ளித்தாளாக இருந்தது. "வெள்ளையா, சின்னதா இருக்கும். காலையில ஒண்ணு" என்றார். ரத்த அழுத்தத்துக்கா, சர்க்கரைக்கா, தைராய்டுக்கா? சின்னதாக, வெள்ளையாக எத்தனையோ மாத்திரை இருக்கிறது. மருத்துவர் எல்லாவற்றையும் சோதித்துப் புதிதாக ஒன்றைத் தொடங்கினார். ஒரு வாரத்துக்குள் அந்த மருத்துவர் கிளம்பிவிட்டார், அடுத்த குழு வந்தது. பெரியவரும் திரும்ப வந்தார். என்ன மாத்திரை கொடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம் என்று எங்களிடமும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அந்த வெட்கம் இன்னும் எனக்குப் போகவில்லை.

அன்று சாயங்காலம் எங்களோடு இருந்த ஒரு பெண் ஒரு பெரிய நோட்டில் கோடு போட ஆரம்பித்தார். அவர் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவர், மருத்துவத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. பெயர், வயது, எந்தக் கூடாரம், என்ன நோய், மருந்தின் மூலப்பெயர், அளவு, எத்தனை நாளுக்கு, எது ஒத்துக்கொள்ளாது. நோட்டில் ஒரு வரி, அதே வரி ஒரு சீட்டில். சீட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு நோயாளி கையில் கொடுத்துவிடுவார். எனக்கும் வேலை பாதியாகக் குறைந்தது. நாலைந்து நாள் கழித்து ஒரு ராத்திரி, அவர் நோட்டைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினார். அன்று வயிற்றுப்போக்கு என்று வந்த எட்டுப் பேரும் ஒரே வரிசைக் கூடாரங்களில் இருப்பவர்கள். போய்ப் பார்த்தால், அந்த வரிசைக்கான தண்ணீர்த் தொட்டியில் இரண்டு நாளாகக் குளோரின் போடவில்லை. எட்டோடு நின்றதே, அது அந்த நோட்டால்தான்.

2010-ல் ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு எத்தனையோ குழுக்கள் அங்கே போய் இறங்கின. சரியான குறிப்புகூட இல்லாமல் கிளம்பிப்போன குழுக்களும் அதில் உண்டு. அறுவைச் சிகிச்சையில் கால் அகற்றப்பட்டவர்களுக்கு அதற்கப்புறம் புண்ணை யார் பார்ப்பது? அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் வெளிநாட்டு மருத்துவக் குழுக்களுக்கான குறைந்தபட்சத் தரங்களை 2013-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. செய்த சிகிச்சையின் விவரத்தை நோயாளியின் கையிலும் கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒன்று.

எனவே அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை வரும்போது தயவுசெய்து இதையும் சேர்த்து எழுதுங்கள். எழுத, பிரிக்க, அடுக்க, மொழிபெயர்க்க நிவாரணக் குழுக்களுக்கு ஆள் வேண்டும். யாரும் கேட்காமல் நேராகக் கிளம்பிப் போய்விட வேண்டாம். ஒரு குழுவில் முன்கூட்டியே பெயர் கொடுத்து, அவர்கள் கூப்பிடும்போது போகலாம். முதல் வாரத்தில் எல்லோரும் வருகிறார்கள், மூன்றாவது வாரத்தில்தான் ஆளே கிடைக்காது.

நான் கிளம்பிய அன்று அந்த நோட்டு அடுத்த குழுவின் மேஜையில் இருந்தது. மூன்றாவது முறையாக வந்த பெரியவர் யாரும் கேட்காமலே சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்