பக்கத்துக் காலிமனை

பாப்பா,

நாங்கள் நலம். அப்பா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார், நான் எடுத்துக் கையில் கொடுத்தால்.

போன வைகாசியில் பேரன் டான்டேலியன் பூவின் பஞ்சு விதையை ஊதிப் பறக்க விடுகிற வீடியோ அனுப்பினாயே. "நம்ம ஊர்ல இந்த மாதிரி இல்லையேம்மா" என்றாய். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தப்பு. இரண்டு பேருமே மறந்திருக்கிறோம்.

பக்கத்துக் காலிமனையை வருஷா வருஷம் தை பிறந்ததும் பாம்புக்குப் பயந்து ஆள் விட்டு வெட்டிவிடுவோம். இந்த வருஷம் வெட்டுகிறவர் "நாளைக்கு வாரேன்" என்றே மாசி வரை இழுத்துவிட்டார். கார்த்திகை மழையில் முளைத்ததெல்லாம் பூத்து ஓய்ந்து, நின்ற இடத்திலேயே நெற்றாகிவிட்டது. பூத்திருந்தபோதுகூட நான் சுவரோரம் போய் நின்றதில்லை. இப்போது தினமும் காபி டம்ளரோடு போய்விடுகிறேன்.

துத்தி தெரியுமே, மூலத்துக்கு இலை பறிப்பார்களே, அதுதான். மஞ்சள் பூ சாயங்காலம்தான் விரியும். அது போய்க் காய் கருத்து, குட்டி வண்டிச்சக்கரம் போல நிற்கிறது. ஒன்றைக் கிள்ளி எண்ணினேன், 18 ஆரம். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு மூன்று விதை. காதோரம் வைத்து ஆட்டினால் கிலுகிலுக்கிறது. சின்ன வயதில் இதை மையில் தோய்த்து நோட்டு முழுக்க முத்திரை குத்தி அடி வாங்கியிருக்கிறேன்.

எருக்கங்காய் ஒன்று லேசாக வாய் பிளந்திருந்தது. பால் பட்டுவிடுமோ என்று முந்தானையைச் சுற்றிக்கொண்டு பிரித்தேன். உள்ளே தட்டைத் தட்டையாகப் பழுப்பு விதைகள், மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தன. அதன் பின்னால் சீவி முடித்த நரைமுடி போல் பட்டு இழை. இவ்வளவு நேர்த்தியாக நான் புடவைகூட மடித்ததில்லை. ஒரு காற்றுதான் அடித்தது. அவ்வளவும் கலைந்து எழும்பி, கரண்ட் கம்பிக்கு மேலே போய்விட்டது. நீ ஒன்றாம் வகுப்பில் அதைத்தான் "தாத்தா, தாத்தா" என்று துரத்திக்கொண்டு ஓடி முட்டியைச் சிராய்த்துக்கொண்டாய்.

நாயுருவியைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்வதற்கில்லை. என் சேலைக்கரை முழுக்க ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டது. ராத்திரி சீரியல் பார்த்தபடி ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தேன். வாசலில்தான் எறிந்தேன், அடுத்த மழைக்கு அங்கேதான் முளைக்கும்!

காலையில் தினைக்குருவிகள் கூட்டமாக வருகின்றன. புல் தாளில் உட்கார்ந்ததும் தாள் தரை வரைக்கும் வளைகிறது. குருவி விடாமல் தொங்கிக்கொண்டே விதையை உருவித் தின்கிறது. அதைப் பார்த்துவிட்டு அப்பாவே சொன்னார், வெட்டுகிறவரைச் சித்திரையில் வரச் சொல்வோம் என்று. பாம்பைப் பற்றிப் பேச்சே இல்லை.

அப்புறம், வேலியோரம் ஊதாப்பூ பூக்குமே, பட்டாசுக்காய்ச் செடி. அதன் காயையும் ஒரு பிடி பறித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு இறுக்கி மூடி வைத்திருக்கிறேன். ஈரக்கையோடு தொடக்கூடாது என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். லீவுக்கு வரும்போது பேரனை உட்காரவைத்து, ஒரு கிண்ணம் தண்ணீரில் நான்கைந்தைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும். வெடிப்பதற்கு முன்னால் சத்தமே இருக்காது, ஞாபகம் இருக்கிறதா?

அம்மா