இங்கிலாந்தின் டிவைசிஸ் ஊர்க்காரர்களுக்கு அம்மாவும் நானும் எழுதும் நன்றி மடல்

அன்புள்ள டிவைசிஸ் ஊர்க்காரர்களுக்கு,

வணக்கம். போன வியாழக்கிழமை, சந்தை நாளில் உங்கள் ஊருக்கு வந்த அம்மாவையும் மகளையும் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஊதாச் சேலைக்கு மேல் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தபடி நடந்தவர்தான் என் அம்மா. இரண்டு வருடமாக அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. ஆட்கள் நிழலாகத் தெரிவார்கள், எழுத்து தெரியாது. "பழைய ஊர் பார்க்கலாம் என்கிறாயே, நான் எதைப் பார்க்கப் போகிறேன்?" என்று பஸ்ஸில் வரும்போது கேட்டார். திரும்பும்போது அந்தப் பேச்சே இல்லை.

ஆங்கிலத்தில் ஒரு அட்டை அனுப்பிவிட்டேன். அதில் அடங்காததையெல்லாம் தமிழிலேயே எழுதி ஒரு முறை வாசித்துக் காட்டு என்றார் அம்மா. அதனால்தான் இந்த மடல்.

படியைத் தாழ்த்தி, அம்மா நடைபாதையில் கால் ஊன்றும்வரை காத்திருந்த பஸ் ஓட்டுநருக்கு முதல் நன்றி.

அடுத்த நன்றி, சந்தைத் திடலில் காய்கறிக் கடை போட்டிருந்த ஐயாவுக்கு. மார்க்கெட் கிராஸ் என்கிற கல் நினைவுச் சின்னத்தின் பக்கத்தில் நாங்கள் தடுமாறி நிற்பதைப் பார்த்து உங்கள் மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டீர்கள். கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு, கல்லில் வெட்டியிருந்ததை வரி வரியாகப் படித்தீர்கள். நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். 1753 ஜனவரி 25. பாட்டர்ன் கிராமத்து ரூத் பியர்ஸ் இன்னும் மூன்று பெண்களோடு கூட்டுச் சேர்ந்து ஒரு மூட்டை கோதுமை வாங்க வருகிறாள். பணம் வசூலித்தபோது கணக்கில் குறைகிறது. என் பங்கைக் கொடுத்துவிட்டேன், கொடுத்திருக்காவிட்டால் இங்கேயே விழுந்து செத்துப் போகிறேன் என்கிறாள். மறுபடியும் அதையே சொல்கிறாள். சொன்ன இடத்திலேயே விழுந்து உயிர் போய்விட்டது, காசு கைக்குள் இருந்தது என்கிறது கல்வெட்டு. 1814இல் சிட்மவுத் பிரபு இந்த ஊருக்குக் கொடுத்த கட்டடம் அது. கல் நிலைத்து நிற்கும், வரும் காலத்துக்கும் செய்தி போய்ச் சேரும் என்றுதான் ஊர் மன்றம் இதை அதில் வெட்டி வைத்திருக்கிறது.

பொய்ச் சத்தியம் செய்யக் கூடாது என்பதற்கான கதை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அம்மா வேறு மாதிரி கேட்டார். "ஒரு மூட்டையை நாலு பேர் பங்கு போட்டால்தான் வாங்க முடியும் என்றால் வீட்டில் என்ன நிலைமையோ. அந்தக் காசை விட மனசு வராமல் இறுக்கிப் பிடித்திருப்பாள், பாவம்." இதை நான் உங்களிடம் ஆங்கிலத்தில் சொன்னதும் நீங்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றீர்கள். அதற்காகத் தனியாக ஒரு நன்றி.

செயின்ட் ஜான் தேவாலயத்துக்குள் எங்களை அழைத்துப்போன வெள்ளைமுடி அம்மையாரே, நீங்கள் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து, பலிபீடப் பக்கத்துச் சுவரில் ஒன்றுக்குள் ஒன்று பின்னிப்போகும் வளைவுகளின் மேல் வைத்தீர்கள். 12ஆம் நூற்றாண்டு வேலை. ஒரு வளைவின் விளிம்போடு போன விரல், இன்னொன்று குறுக்கே வரும் இடத்தில் நின்றது. திரும்பி வந்து மறுபடியும் போனது. "இழைக்கோலம் மாதிரி இருக்குடி, எங்கே ஆரம்பிச்சு எங்கே முடிக்கிறான் பாரு" என்றார் அம்மா. கல்லின் சில்லிப்பு கையில் வெகுநேரம் இருந்ததாம்.

டாக்ஸி ஓட்டுநருக்கும் சொல்ல வேண்டும். பாத் சாலையும் டிரோபிரிட்ஜ் சாலையும் பிரியும் முனையில் வண்டியை மெதுவாக்கி, ஷேன்ஸ் காசில் என்கிற பழைய சுங்கச்சாவடியைக் காட்டினீர்கள். கோட்டை மாதிரி மேல்விளிம்பு வைத்த குட்டி வீடு. வண்டிக்கும் மந்தைக்கும் காசு வாங்கி, அந்தக் காசில் சாலையைச் செப்பனிட்டுவந்த காலத்தின் மிச்சம். ஊர்ப் பெயரே எல்லை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பதும் நீங்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அப்புறம் கேன் ஹில். கென்னட்–ஏவன் கால்வாய் குன்றேறும் இடம். சுமார் மூன்று கிலோமீட்டருக்குள் 29 லாக்குகள், அதாவது தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை மேலும் கீழும் கொண்டுபோகும் கதவு வைத்த தொட்டிகள். மொத்தம் 72 மீட்டர் ஏற்றம். அதில் 16 லாக்குகள் சரிவில் ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றன. பொறியாளர் ஜான் ரென்னியின் திட்டம், 1810இல் திறந்தது. லாக்குகள் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் நடுவில் தண்ணீர் தேக்க இடமில்லை. அதனால் பக்கவாட்டில் குளங்கள் வெட்டியிருக்கிறார்கள்.

அங்கே கதவு திறந்துவிடும் தன்னார்வலர்கள் இரண்டு பேரும் செய்ததை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். படகு ஒன்று உள்ளே வந்து, தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வந்ததும், கதவைத் தள்ளும் நீளமான உத்திரத்தில் அவர் முதுகைச் சாய்த்து நிற்கவைத்தீர்கள். "அவசரப்படாதீங்க, சும்மா சாய்ஞ்சா போதும், அதுவா நகரும்" என்றீர்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காலடியில் அரை அங்குலம், ஒரு அங்குலம். "நகருது! நகருது!" என்று அம்மா போட்ட சத்தத்தில் படகுக்காரர்கள் கை தட்டினார்கள். எழுபத்தாறு வயதில் இத்தனை பெரிய கதவை என் அம்மா திறந்தார்.

உங்களுக்கு முன்னால் இருந்தவர்களுக்கும் இந்த நன்றி சேர வேண்டும். ரயில் வந்தபின் சரக்குப் போக்குவரத்து குறைந்து, கதவுகள் உளுத்து, இந்தக் கால்வாய் தூர்ந்து கிடந்தது. மூடிவிடலாம் என்ற பேச்சுக்கு இணங்காமல், வருடக்கணக்காகச் சேற்றில் இறங்கி வேலை செய்தவர்களால்தான் 1990இல் அரசியார் வந்து திரும்பத் திறந்து வைத்தார். அவர்கள் விட்டிருந்தால் அம்மா சாய அங்கே உத்திரம் இருந்திருக்காது.

காய்கறிக் கடை ஐயா, ஒரு விஷயம். நாங்கள் கிளம்பும்போது பை நிறைய ஆப்பிள் போட்டுக் கொடுத்தீர்கள். அந்த நெகிழ்ச்சியில் நானும் காசு கொடுக்காமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்துதான் ஞாபகம் வந்தது. நீங்கள் வேண்டாம் என்பீர்கள். ஆனால் அந்தக் கல்லுக்கு முன்னால் வாங்கியதற்குப் பாக்கி வைக்க அம்மாவுக்கு மனசில்லை. சில்லறையைத் தனியாக ஒரு சுருக்குப் பையில் முடிந்து வைத்திருக்கிறார். அடுத்த வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறோம்.

அன்புடன்,
அம்மாவும் மகளும்