நின்றே கெடும் வண்டி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வார இணைப்பிதழில், காருக்குப் பின்னால் இழுத்துப்போய் உள்ளே தங்கும் கேம்பிங் டிரெய்லரைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஏரிக்கரையில் வண்டி நிற்கிறது, வாசலில் இரண்டு நாற்காலி, மேலே மஞ்சள் விளக்குச் சரம். கட்டுரையாளர் ஒரு வார இறுதிக்கு யாரிடமோ இரவல் வாங்கிப் போயிருப்பார் என்று நினைக்கிறேன். சொந்தமாக வைத்திருப்பவர் யாருக்கும் ‘பெரிய பராமரிப்பு எதுவும் தேவைப்படாது’ என்று எழுத மனம் வராது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

இதைப் புது மோகம் என்றும் எழுதியிருந்தார். கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் 1885லேயே தனக்கென்று ஒரு குதிரைக் கேரவன் செய்துகொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார். கூடவே ஒரு வண்டிக்காரரும் ஒரு பணியாளும் போனார்கள். நமக்கு அந்த இரண்டு பேரும் கிடையாது, அவர்கள் செய்த வேலையையும் நாம்தான் செய்தாக வேண்டும், வித்தியாசம் அவ்வளவுதான்.

ஏழு வருடமாக ஒரு சின்ன டிரெய்லர் வைத்திருக்கிறேன். ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம், உள்ளே இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம், மூன்றாவது ஆள் வந்தால் எல்லாரும் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். எங்களுக்கு முன்னால் வேறு ஒருவரிடம் இருந்தது. அவர் அதை அதிகம் வெளியே எடுக்கவே இல்லை, நாங்கள் வாங்கியதற்கும் அதுதான் காரணம், ‘ஓடாத வண்டி, புதுசு மாதிரி’ என்று நானும் என் மனைவியும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டோம். ஏமாந்தது அங்கேதான். காருக்குப் போடும் கணக்கு இதற்குப் பொருந்தாது. இந்த ரக வண்டி ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். வருடத்தில் இருபது முப்பது நாள் வெளியே போகும், மிச்ச நாளெல்லாம் வெயிலிலும் மழையிலும் ஒரே இடத்தில் நிற்கும், அந்த மிச்ச நாளில் என்ன நடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

வாங்கிய இரண்டாவது வருடம், மழைக்காலம் முடிந்து மெத்தையை வெயிலில் போடலாம் என்று தூக்கினேன். முன்பக்க ஜன்னலுக்குக் கீழே, சுவரும் கட்டில் பலகையும் சேரும் மூலையில், தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. துணியால் துடைத்தேன், போகவில்லை. கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. நனைந்த அட்டைப்பெட்டியை அழுத்தினால் எப்படி இருக்கும், அப்படி. பிளைவுட்டைப் பிரித்தால் உள்ளே மரச்சட்டம் கறுத்துப்போய் நார் நாராக வருகிறது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி, நல்ல மரம் இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று போய்க்கொண்டே இருந்ததில் ஒரு முழம் நீளத்துக்குச் சட்டமே காலி. என் மனைவி வந்து பார்த்துவிட்டு, “புதுசு மாதிரின்னு சொன்னீங்களே” என்று மட்டும் கேட்டாள். இருவரும் சேர்ந்துதான் சொன்னோம் என்பதை அந்த நேரத்தில் நான் ஞாபகப்படுத்தவில்லை.

காரணம் சில்லறை விஷயம். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் பியூட்டைல் டேப் என்று ஒரு பிசின் பட்டை வைத்திருப்பார்கள். வருடம் போகப் போக அது காய்ந்து சுருங்கும், தவிர்க்க முடியாது. முன்பு வைத்திருந்தவர் ஒழுகலைக் கண்டிருக்கிறார், ஆனால் ஜன்னலைக் கழற்ற சோம்பல்பட்டு, வெளியே சுற்றி சிலிக்கானைப் பிதுக்கித் தடவிவிட்டிருக்கிறார். பார்வைக்கு அடைத்த மாதிரியே இருக்கும். ஆனால் மேலே எங்கோ ஒரு மயிரிழை வழியாக இறங்கிய தண்ணீர் கீழே வெளியேற வழியில்லாமல் மரத்துக்குள் தங்கிவிட்டது. சிலிக்கானில் இன்னொரு தொல்லை, அது ஒட்டியிருந்த இடத்தில் வேறு எந்த சீலன்டும், அதாவது அடைப்புப் பசையும், பிடிக்காது. பழைய சிலிக்கான் மேல் புது சிலிக்கான்கூட ஒழுங்காக ஒட்டாது. அதைச் சுத்தமாகச் சுரண்டி எடுக்கவே எனக்கு இரண்டு நாள் ஆனது. அப்புறம் சட்டத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புது பியூட்டைல் பட்டையைச் சுற்றி ஒட்டி, ஸ்க்ரூக்களை ஒரே மூச்சில் முறுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். பட்டை நாலா பக்கமும் சமமாகப் பிதுங்கி வெளியே வர வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மறுபடி அரைச் சுற்று இறுக்க இடம் இருக்கும்.

இப்போது வருடத்துக்கு இரண்டு முறை ஏணி போட்டுக் கூரையைப் பார்க்கிறேன். கூரை மேல் ஏறி நிற்பதில்லை, சின்ன வண்டிகளின் கூரை ஆள் எடை தாங்கச் செய்ததல்ல. காற்றுப்போக்கியைச் சுற்றி, விளிம்புப் பட்டியின் ஓரம், ஸ்க்ரூத் தலைகள், இவற்றில் எங்கே வெடிப்பு தெரிகிறதோ அங்கே கூரைக்கென்றே விற்கும், தானாகப் பரவி மட்டமாகும் சீலன்டை வைக்கிறேன். ஒழுகுவது தெரிகிறது, எங்கே என்று தெரியவில்லை என்றால் ஒரு வழி உண்டு. ஜன்னல்களைச் சாத்தி, கூரைக் காற்றுப்போக்கியில் ஒரு ஊதுகாற்றாடியைப் பொருத்தி வெளிக்காற்றை உள்ளே தள்ள வேண்டும். வெளியே சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் ஓட்டை உள்ள இடத்தில் நுரை பொங்கும். சைக்கிள் ட்யூபில் பஞ்சர் பார்க்கும் அதே வைத்தியம்.

எல்லா ஈரமும் ஒழுகல் அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். மூடிய டிரெய்லரில் இரண்டு பேர் ஒரு ராத்திரி தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் சுமார் அரை லிட்டர் தண்ணீர் காற்றில் சேரும். காலையில் ஜன்னலில் வழிவது அதுதான், மெத்தையின் அடிப்பக்கம் பூஞ்சை பிடிப்பதும் அதனால்தான். எவ்வளவு குளிராக இருந்தாலும் மேலே ஒரு திறப்பு, கீழே ஒரு திறப்பு விரலளவுக்கு வைத்துவிட்டுப் படுக்க வேண்டும்.

அடுத்தது டயர். என் டயர்களைப் பார்த்த மெக்கானிக், “பட்டன் எல்லாம் அப்படியே இருக்கு சார், தாராளமா ஓடும்” என்றார். பட்டன் இருந்தது உண்மைதான், ஓடாத டயரில் பட்டன் எப்படித் தேயும்? மூன்றாவது பயணத்தில் நெடுஞ்சாலையில் இடது டயர் வெடித்துக் கிழிந்த ரப்பர் சக்கர மூடியைப் பிய்த்து எறிந்தது, அடியில் ஓடிய வயரையும் அறுத்துவிட்டது. டயரின் பக்கச் சுவரில் பொறித்திருக்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரத்தில் செய்தது. என்னுடையதற்கு ஒன்பது வயது. டிரெய்லர் டயரை ஐந்தாறு வருடத்தில் மாற்றிவிட வேண்டும், பட்டன் கணக்கே இல்லை. வெயிலும் காலமும் ரப்பரை உள்ளிருந்து வறட்டிவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நிறுத்திவைக்கும் நாட்களில் டயருக்கு ஒரு துணி மூடியாவது போடுங்கள், காற்றைக் குறைய விடாதீர்கள். சக்கரம் மாற்றினால் ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள், ஒன்றிரண்டு தளர்ந்திருக்கலாம்.

சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங்கும் நின்று கெடும் சாமான்தான். மாதக்கணக்கில் அசையாமல் இருந்தால் கிரீஸ் ஒரு பக்கமாகப் படிந்துவிடும், ஈரம் புகுந்தால் உருளைகளில் துருப்புள்ளி விழும், அந்தப் புள்ளியோடு நெடுஞ்சாலையில் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வருடத்துக்கு ஒரு முறை அல்லது 16,000 முதல் 20,000 கிலோமீட்டருக்குள், எது முதலில் வருகிறதோ அப்போது, கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். பழைய கிரீஸ் என்ன வகை என்று தெரியாவிட்டால் அதன் மேலேயே புதிதைத் திணிக்காதீர்கள். சில வகைகள் ஒன்றோடொன்று சேராது, கலந்தால் இளகி ஒழுகிவிடும். முழுக்கத் துடைத்துவிட்டு வைப்பதே நல்லது. பயணத்தின் நடுவில் டீக்கு நிறுத்தும்போதெல்லாம் நான் முதலில் போவது சக்கரத்துக்கு. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோவேன், இரண்டு பக்கமும் ஒரே சூடு என்றால் சரி. ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டும், பேரிங்கோ பிரேக்கோ எதுவோ பிடிக்கிறது.

நிற்கும் கதைக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் உயிர் போகிற விஷயம். வண்டியின் எடை முன்கொக்கியில் எவ்வளவு அழுத்துகிறது என்று அளந்திருக்கிறீர்களா? பொதுவாக மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும், ஐரோப்பியக் கேரவன்களுக்கு இன்னும் குறைவாகச் சொல்வார்கள், உங்கள் வண்டிக் கையேட்டிலும் காரின் வரம்பிலும் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கடைசி வார்த்தை. சின்ன வண்டிக்கு இதை வீட்டில் எடை பார்க்கும் மெஷினிலேயே அளந்துவிடலாம். சமதரையில், சக்கரத்துக்கு முட்டு கொடுத்துவிட்டு, மெஷின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் உயரத்துக்கு வருகிற மாதிரி கொக்கியை அதன் மேல் இறக்கினால் போதும். நான் அளக்கவில்லை. தண்ணீர்க் கேன்களையும் சைக்கிள்களையும் வசதியாகப் பின்பக்கம் ஏற்றிக்கொண்டு போனேன், கொக்கியில் இறங்க வேண்டிய எடை குறைந்துவிட்டது. ஒரு இறக்கத்தில் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பித்தது, முதலில் லேசாக, அப்புறம் காரையே இடமும் வலமும் இழுக்கும் அளவுக்கு. பயத்தில் கால் தானாக பிரேக்குக்குப் போகும், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கத் தோன்றும், இரண்டுமே தப்பு. ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். டிரெய்லருக்குத் தனியாக மின் பிரேக் கட்டுப்பாடு இருந்தால் அதை மட்டும் கையால் கொடுக்கலாம். அன்று பிழைத்தது புண்ணியம். வேகத்தையும் அன்றோடு குறைத்துவிட்டேன்.

பாட்டரியைப் பற்றிச் சுருக்கமாக. எல்லா ஸ்விட்சையும் அணைத்தாலும் கேஸ் கசிவு எச்சரிப்பான் மாதிரி சில சாமான்கள் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருக்கும், சில வாரத்தில் பாட்டரி செத்துவிடும். ஓய்வில் 12.6, 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.1 என்றால் பாதிக்கு வந்துவிட்டது, ஈய அமில பாட்டரியை அதற்குக் கீழே அடிக்கடி விட்டால் ஆயுள் போச்சு. நிறுத்தும்போது வயரைக் கழற்றிவிடுங்கள். விளக்கு மங்கலாக எரிகிறது, இண்டிகேட்டர் கிறுக்குத்தனம் பண்ணுகிறது என்றால் பல்பைச் சந்தேகிக்கும் முன் எர்த் வயரின் முனையைத் தேய்த்துப் பாருங்கள், என் அனுபவத்தில் பத்தில் எட்டுத் தடவை அதுதான்.

கட்டுரையாளர் ஃபிரிட்ஜ் சரியாகக் குளிரவில்லை என்று குறைப்பட்டிருந்தார். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜுக்குள் கம்ப்ரசர் கிடையாது, அசையும் பாகமே கிடையாது. 1922ல் ஸ்டாக்ஹோமில் வான் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு. அம்மோனியாவைச் சூடாக்கினால் ஆவியாகி மேலே போய், குளிர்ந்து திரவமாகி, தன் எடையால் கீழே இறங்கிச் சுற்றிவரும். வண்டி சாய்ந்து நின்றால் அந்தத் திரவம் வழியில் தேங்கிவிடும், குளிர்ச்சியும் நின்றுவிடும், நாள்கணக்கில் அப்படியே விட்டால் பின்பக்கக் குழாயே நிரந்தரமாகக் கெட்டுவிடும். ஆக ஃபிரிட்ஜ் மேல் குற்றமில்லை, ஏரிக்கரைச் சரிவில் நிறுத்தியதுதான் குற்றம். முதலில் இடவலமாக மட்டம் பார்த்துத் தாழ்ந்த பக்கச் சக்கரத்தைப் பலகை மேல் ஏற்றி, முட்டு கொடுத்து, அப்புறம் காரிலிருந்து கழற்றி, முன்னால் ஏற்றி இறக்கும் சின்னச் சக்கரத்தால் முன்பின்னாக மட்டம் செய்ய வேண்டும். மூலைகளில் இறக்கும் கால்கள் ஆட்டத்தை நிறுத்தத்தான், அவற்றை ஜாக்கியாக்கி வண்டியைத் தூக்கினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும்.

கடுங்குளிர் பிரதேசத்துக்குப் போகிறவர்கள் பியூட்டேன் சிலிண்டரை நம்ப வேண்டாம், அது ஆவியாவது மைனஸ் 0.5 டிகிரிக்கு மேல்தான். புரோபேன் மைனஸ் 42 வரை தாங்கும். உறைபனி விழும் இடத்தில் வண்டியை நிறுத்திவைப்பதாக இருந்தால் குழாய், பம்பு, ஹீட்டர் எல்லாவற்றிலும் இருக்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள், தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிந்து குழாயைப் பிளந்துவிடும்.

ரிவர்ஸ் எடுப்பதைப் பற்றி எழுதினால் இன்னொரு கடிதம் ஆகிவிடும். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள், கை எந்தப் பக்கம் போகிறதோ டிரெய்லரின் பின்புறம் அந்தப் பக்கம் போகும். நீள வண்டியைவிடக் குட்டை வண்டிதான் சீக்கிரம் திரும்பி காரோடு மடங்கிக்கொள்ளும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இத்தனைக்கும் விற்றுவிடுவீர்களா என்று கேட்டால், மாட்டேன். ஆனால் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது பழைய டிரெய்லர் பார்க்கக் கிளம்பியிருந்தால் அவர்களுக்காக இதைக் கட்டாயம் வெளியிடுங்கள். மழை பெய்த மறுநாள் போகச் சொல்லுங்கள். விளக்குச் சரத்தையும் திரைச்சீலையையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் மெத்தையைத் தூக்கி நாலு மூலையிலும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கட்டும். விற்பவர் முகம் மாறினால் அப்படியே கிளம்பி வந்துவிடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்